இருபத்து நான்கு மணி நேரக் கேன்

என் மனைவிக்கு நான் ஒரு சிறுநீரகம் கொடுத்தேன். இதைக் கேள்விப்பட்டவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது வடை வைத்தார்கள். நான் அதைக் கடிக்கும்போது பக்கத்து இலையில் இருந்த என் மனைவி பரிமாறுகிறவரிடம், "இவரு கேன் கதையை நீங்க கேக்கலையா?" என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னால் கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே இருக்கிறது. நான் விவசாயி. மூன்று ஏக்கரில் கரும்பு, ஒரு ஏக்கரில் நெல். வீட்டுக்குச் சாப்பிடும் நெல் என்பதால் அதற்கு மட்டும் ரசாயன உரம் போடுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறேன். கொட்டகையில் ஒரு மாடு. அதன் சாணமும் கோமியமும்தான் அந்த ஒரு ஏக்கருக்குச் சாப்பாடு. என் மனைவி அறிவியல் டீச்சர். கல்வராயன் மலைமேல் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. காலையில் கள்ளக்குறிச்சி போய் மலை பஸ்ஸைப் பிடிப்பாள். அந்த வளைவுகளில் ஏறும்போது எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். அவள் அதே பஸ்ஸில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டு போவாள்.

எனக்குக் கோபம் அதிகம். அவளுக்குச் சிரிப்பு அதிகம். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன.

முதலில் அவள் கால்கள்தான் வீங்கின. பஸ்ஸில் தொங்கவிட்டு உட்காருவதால் என்று நினைத்தோம். பிறகு முகம் வீங்கியது. கள்ளக்குறிச்சியில் சிறுநீரக டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன என்றார். உள்ளே இருக்கும் நெஃப்ரான் என்கிற வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகிப் போயிருக்கின்றன, எதனால் என்று இனிமேல் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார். நான் டாக்டரைத் திட்டலாமா, மலை பஸ்ஸைத் திட்டலாமா என்று தெரியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள்தான் பேசினாள்.

"பதினாலு வருஷமா ஒன்பதாம் கிளாசுக்கு நெஃப்ரான் படம் போட்டுக்கினு இருக்கேன் சார். என்னோடதே போயிடுச்சு பாருங்க."

அதிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பள்ளிக்கு நீண்ட விடுப்பு. ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் குடிக்கலாம், குழம்பும் காபியும் அதற்குள்ளேயே கணக்கு. சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஆறேழு மாதத்தில் அடியோடு நின்றது. அதைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினாள். "இடைவேளை மணி அடிச்சா பொண்ணுங்கல்லாம் கழிப்பறைக்கு ஓடுங்க. இன்னா அவசரம்னு அதட்டுவேன். இப்ப நெனச்சா பொறாமையா இருக்குங்க." அன்றைக்கு நான் கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்று அழுதேன். காய்ந்த கரும்புச் சோகை கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பழையபடி ஆகலாம் என்றார் டாக்டர். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. சென்னையில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் நான் தருகிறேன் என்று வந்து நின்றாள். "பெத்த புள்ளகிட்ட வாங்கி நான் உயிரோட இருக்கணுமா? போய்ப் பரீட்சைக்குப் படி" என்று அவளைத் துரத்திவிட்டாள் என் மனைவி. மிச்சம் இருந்தவன் நான். என் ரத்தம் ஓ பிரிவு, யாருக்கும் சேரும் என்றார்கள்.

"ரத்தம் எல்லாருக்கும் சேருது, கொணந்தான் யாருக்கும் சேரல" என்றாள் என் மனைவி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

என் உடம்பிலிருந்து எதை எடுக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் நான் படுக்க மாட்டேன். நிலத்தில் போர்வெல் போடுகிறவனிடமே பத்து கேள்வி கேட்பவன். அவளைக் கேட்டேன். அவள் அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கோலத்தைக் காலால் கலைத்துவிட்டு, அதே மாவில் வேறொன்று போட ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் நூலைச் சுருட்டிப் போட்டதுபோல் ஒரு ரத்தக்குழாய் முடிச்சு. உள்ளே வரும் குழாய் அகலம், வெளியே போகும் குழாய் குறுகல். அதனால் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறும் என்றாள். அது எனக்கு உடனே புரிந்தது. தண்ணீர் விடும் டியூபின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காத விவசாயி உண்டா? அந்த அழுத்தத்தில் ரத்தத்தில் இருக்கும் தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் முடிச்சின் சுவர் வழியாகக் கிண்ணத்துக்குள் கசியும். சுவரில் முதலில் பொத்தல் போட்ட ஒரு படலம், அதன் மேல் சல்லடைபோல் இன்னொன்று, அதற்கும் மேல் கால் முளைத்த செல்கள். அந்தக் கால்கள் இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். விரல் இடுக்கில் தண்ணீர் போகும், பெரிய சாமான் போகாது. ரத்த அணுக்களும் புரதமும் பெரிய சாமான்கள். அவை ரத்தத்திலேயே தங்கிவிடும்.

"மூத்திரத்துல புரதம் வந்துச்சுன்னா சல்லடை கிழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள்.

கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு கோட்டை இழுத்தாள். அது முறுக்குபோல் சுருண்டது, பிறகு நேராகக் கீழே வாசற்படி வரை இறங்கி, கொண்டை ஊசி போல் வளைந்து மேலே வந்து, மறுபடியும் சுருண்டு, கடைசியில் ஒரு பெரிய குழாயில் போய்ச் சேர்ந்தது. கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் கோடு பிசகவில்லை. பதினாலு வருடப் பழக்கம்.

எதிர்வீட்டு அம்மா பால் சொம்போடு வந்து நின்று பார்த்தார். "இன்னா டீச்சர், புதுக் கோலமா இருக்குது? எத்தினி புள்ளி?"

"பத்து லட்சம்" என்றாள் இவள்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான் இருக்கிறது, அதைத்தான் சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அவர் வாசலில் நெஃப்ரான் இருந்தது. கிண்ணத்துக்குள் குங்குமச் சிவப்பு, கொண்டை ஊசி வளைவில் மஞ்சள், சிறுநீர் வெளியே போகவேண்டிய இடத்தில் ஒரு தாமரைப்பூ. என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "பாகங்களைக் குறிக்கல. அரை மார்க் கம்மி" என்றாள்.

நான் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. கிண்ணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு வடியும் என்று கேட்டேன். இரண்டு சிறுநீரகத்துக்கும் சேர்த்து நூற்றெண்பது லிட்டர் என்றாள். அவ்வளவு தண்ணீர் உடம்பிலேயே கிடையாதே என்றேன். ஒரே ரத்தம் திரும்பத் திரும்ப வந்து வடிகிறது என்றாள். நாம் வெளியே விடுவது எவ்வளவு? ஒன்றரை, இரண்டு லிட்டர். மிச்சத்தை? மிச்சத்தை எல்லாம் அந்தச் சுருண்ட குழாய்கள் ரத்தத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நூற்றெண்பது லிட்டரை வெளியே தள்ளிவிட்டு நூற்றெழுபத்தெட்டைத் திரும்ப அள்ளுவதா? வேண்டாத இரண்டு லிட்டரை மட்டும் எடுத்து ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே? "இது இன்னா நிர்வாகம்? எவன் இப்படி ஒரு மோட்டாரைப் போட்டது?" என்று கத்தினேன்.

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "போகிக்கு நம்ம வூட்டுல இன்னா பண்றோம்?"

"இன்னா பண்றோம், எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போடறோம்."

"அப்புறம்?"

"வேணுங்கறத எடுத்து உள்ள வைக்கறோம்."

"மிச்சம் குப்பை. அவ்ளோதாங்க நெஃப்ரான். குப்பை எது எதுன்னு உள்ள உக்காந்து தேடினா முடியுமா? நாளைக்குப் புதுசா ஒரு விஷத்தைத் தின்னுட்டு வந்தா அதுக்கு இன்னா பேருன்னு சிறுநீரகத்துக்கு யாரு சொல்லித் தருவா? வேணுங்கறது எதுன்னு தெரிஞ்சாப் போதும். அத உள்ள எடுத்துக்கும். தெரியாதது எதுவா இருந்தாலும் தானா வெளிய போயிடும்."

நாற்பத்தெட்டு வருடம் என் முதுகுப் பக்கம் ஒரு நாள் விடாமல் போகி நடந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தகவல் இல்லை. அன்று முழுக்க இடுப்பில் கையை வைத்துக்கொண்டே நடந்தேன்.

இனிமேல்தான் கேன்.

கொடுக்கிறவனுடைய சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். காலையில் முதலில் வருவதைக் கொட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் கேனுக்கு, மறுநாள் காலை முதலில் வருவது வரைக்கும். சுத்தமான ஐந்து லிட்டர் கேன் எதுவானாலும் பரவாயில்லை, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்றாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண்.

கேனுக்கு என்னிடம் பஞ்சமில்லை. நெல்லுக்குக் கோமியம் பிடித்து வைப்பதற்காக வாங்கிய வெள்ளைக் கேன்கள் ஒரு அடுக்கு இருந்தன. புதிதாக ஒன்றை எடுத்தேன். குளிர்ந்த இடம் என்றால் ஃப்ரிட்ஜ்தான் என்றாள் என் மனைவி. தயிருக்குப் பக்கத்தில் என் மூத்திரத்தை வைப்பதா என்று நான் குதித்தேன். கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில், ஈரச் சாக்குப் போட்டுக் கோமியக் கேன்களை வைக்கும் இடம் எனக்கு இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த இடம் எங்கள் தெருவிலேயே கிடையாது. அங்கே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அப்ப பேரு எழுதி ஒட்டுங்க" என்றாள்.

"எம்மூத்திரம் எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை யார் வந்தாலும் சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த ஒரு நாளை நான் மிகுந்த ஒழுங்கோடு கழித்தேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன் ஒவ்வொரு தடவையும் மடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். வழியில் பேச்சுக் கொடுத்தவர்களிடம் அவசரம் என்றேன், பொய் இல்லை. ஒரு சொட்டு வீணாகவில்லை. மறுநாள் காலை கடைசி வேலையையும் முடித்துவிட்டு, குளித்து, வெளுத்த சட்டை போட்டு, சாக்கைத் தூக்கி, கேனை எடுத்துப் பைக்கில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டேன்.

பரிசோதனைக் கூடத்துப் பெண் கேனின் அளவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "மூணு லிட்டருக்கு மேல இருக்குது சார்."

"தண்ணி நல்லாக் குடிப்பேன்" என்றேன் பெருமையாக.

மூடியைத் திறந்ததும் முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டாள். "நாத்தம் ஜாஸ்தியா இருக்குதே சார்."

"மூத்திரம் பின்ன மல்லிப்பூவாட்டம் மணக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் அளந்து ஊற்றிக்கொண்டாள். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். ரத்தமும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த கையோடு, மரத்தடியில் இருந்த மற்றக் கேனைத் தொட்டியில் ஊற்றி, சாணம், வெல்லம், பயற்றமாவு எல்லாம் போட்டுக் கலக்கி வைத்தேன். நெல்லுக்கு அதைப் பாய்ச்ச வேண்டிய நேரம்.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனேன். டயாலிசிஸ் நாள் என்பதால் அவள் மேல் மாடியில் இயந்திரத்தோடு இருந்தாள், நான் மட்டும் போனேன். டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்தார், தலையாட்டினார். சிறுநீர் அறிக்கையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நீங்க சைவமா?"

"புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிறுநீரில் புரதம் காட்டுகிறது, மற்ற கணக்குகளும் குழப்பமாக இருக்கின்றன என்றார். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், தேவைப்பட்டால் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளிச் சதை எடுத்துப் பார்க்கலாம். "ஆனா இப்போதைக்கு நீங்க கொடுக்க முடியாதுங்க. புரதம் ஒழுகுறவர்கிட்ட ஒண்ணை எடுத்தா, அப்புறம் உங்களுக்கே ஆபத்து. வேற யாராவது இருக்காங்களான்னு பாருங்க."

வேறு யார் இருக்கிறார்கள்? சல்லடை கிழிந்துவிட்டது என்று அவள் மாவுக் கோலத்தில் சொன்னதுதான் காதில் கேட்டது. அவளுக்குக் கொடுக்க ஒரே ஒரு ஆள் இருந்தேன், அவனும் பொத்தல். மேலே போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்து சிவப்பாக ரத்தம் குழாயில் போய், பெரிய பேனா மூடி மாதிரி ஒரு வடிகட்டிக்குள் நுழைந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மூடி வைக்கத் தெரியாது.

"காட்டுங்க" என்று ஊசி குத்தாத கையை நீட்டினாள்.

அறிக்கையைக் கொடுத்தேன். விடைத்தாள் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பி.எச். எட்டரை போட்டிருக்குது. அதுக்கு மொத நாளு நீங்க இன்னா சாப்ட்டீங்க?"

"கறிக்கொழம்பு. ராத்திரி மிச்சம் இருந்ததையும் நாந்தான் சாப்ட்டேன். அது இப்ப இன்னாத்துக்கு?"

"இருங்க." கண்ணை மூடினாள். அவள் யோசிக்கும்போது அப்படித்தான். "நம்ம ரத்தம் எப்பவும் ஒரே நெலையில இருக்கணும். கறி தின்னா உடம்புல அமிலம் ஜாஸ்தியாவும். நெஃப்ரான் கடைசிக் குழாயில அந்த அமிலத்தை வெளிய தள்ளிடும். மூத்திரத்தோட பி.எச். கொறையும். உங்களுக்கு எட்டரை வரக்கூடாது. இது வெறும் தழை தின்ற ஒடம்போட மூத்திரம். பி.எச். இவ்ளோ ஏறிக் கெடந்தா சோதனைக் குச்சி புரதம் இல்லாமயே புரதம்னு காட்டும்னு படிச்சிருக்கேன்."

"தழையா? நான் தழை எப்படி..."

"மூணு லிட்டருக்கு மேல வேற." கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். "கேனை எங்க வச்சீங்க?"

"சொன்னனே, வேப்ப மரத்தடில."

"கோமியத்துக்குப் பக்கத்துல."

"ஆமா, பக்கத்துல..." என்று சொல்லும்போதே ஒரே மாதிரியான அந்த வெள்ளைக் கேன்கள் என் கண்முன் வந்து நின்றன.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்பு. இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. நர்ஸ் ஓடி வந்து, ஊசி நகர்ந்துவிடும், கையை ஆட்டாதீர்கள் என்றார். கையை அசைக்காமல் மற்ற உடம்பு முழுவதாலும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் என்ன என்று கேட்டார். "எங்க வூட்டு மாடு எனக்குக் கிட்னி குடுக்கறதுக்கு டெஸ்ட்டு குடுத்திருக்குதுங்க. ஃபெயிலாயிடுச்சு" என்றாள். அந்த வார்டில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தேடிப் பார்த்தேன், என்னைத் தவிர ஆள் அகப்படவில்லை. அப்புறம் நானும் சிரித்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அந்த நிம்மதி.

"அப்ப உங்களோடதை இன்னா பண்ணீங்க?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நெல்லுக்குப் பாய்ச்சிட்டேன்."

அதற்குப் பிறகு நர்ஸ் என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் திரும்பப் போய் உண்மையைச் சொல்வதுதான் எனக்குப் பெரிய அறுவை சிகிச்சையாக இருந்தது. அவர் முழுவதும் கேட்டார், மேசையில் முழங்கையை ஊன்றி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கையை எடுத்ததும், "திரும்பப் பிடிச்சுக் கொண்டாங்க. மாடு நல்லா இருக்குதான்னு நான் பாத்தாச்சு" என்றார்.

இரண்டாவது கேன் ஃப்ரிட்ஜுக்குள் போனது. தயிர் எதிர்வீட்டுக்குப் போனது. கேனின் நான்கு பக்கமும் என் மனைவி கறுப்பு மார்க்கரால் பெரிதாக "மனுஷன்" என்று எழுதி ஒட்டினாள். பரிசோதனைக் கூடத்துப் பெண் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இந்தத் தடவை ஒன்றே முக்கால் லிட்டர். புரதம் இல்லை. வடிகட்டும் வேகம் என் வயதுக்கு நன்றாக இருக்கிறது. அந்த அறிக்கையை நான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு சென்னையில் மற்றப் பரிசோதனைகள், கையெழுத்துகள், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் கேள்விகள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று என்னைக் கேட்டார்கள். என்னைக் கட்டாயப்படுத்தி யாரும் ஒரு வாழைக்காயைக்கூட வாங்க முடியாது என்று என் மனைவியே பதில் சொன்னாள். நாள் குறித்தார்கள்.

எனக்குப் பயம் இருந்தது. என்னை அறுப்பதைப் பற்றி இல்லை. வைத்தது அவளிடம் வேலை செய்யுமா என்பதுதான். சில சமயம் புது இடத்தில் சிறுநீரகம் விழித்துக்கொள்ளச் சில நாள் ஆகும், சில சமயம் உடம்பு அதை வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பழைய இரண்டையும் எடுக்க மாட்டார்கள், புதியதை முன்பக்கம் அடிவயிற்றில் வைப்பார்கள் என்றும் சொன்னார்கள். "அப்ப எனக்கு மூணு, உங்களுக்கு ஒண்ணு. பரவால்ல, நியாயமாத்தான் பிரிச்சிருக்காங்க" என்றாள். மிச்சம் இருக்கும் ஒன்றில் புதிதாக நெஃப்ரான் முளைக்காது, இருப்பவையே கொஞ்சம் பெருத்து, போனவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு ஆறுதல் தேவையில்லை என்றேன். கையை மட்டும் விடவில்லை.

மயக்கம் தெளிந்ததும் மகளைப் பார்த்தேன். தொண்டை வறண்டு வார்த்தை வரவில்லை, கையால் கேட்டேன். "அம்மா நல்லா இருக்காங்கப்பா. கொஞ்சமா வந்திருக்குது" என்றாள். முதல் நாள் சிறுநீர் பிடிக்கும் பையில் கொஞ்சம், அதுவும் ரத்தம் கலந்து. இரண்டாம் நாளும் கொஞ்சம்தான். அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள், கிருமி போகக்கூடாது என்று யாரையும் விடவில்லை. நான் என் கட்டிலில் படுத்துக்கொண்டு, வயிற்றுக் கட்டைப் பிடித்தபடி, போன சிறுநீரகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு வருடம் சோறு போட்டேனே, ஒரு நல்ல காரியத்துக்கு அனுப்பினால் அங்கே போய்த் தூங்குகிறாயே என்று. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் திறந்துகொண்டது. மகள் மணிக்கொருதரம் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்து அளவு சொன்னாள். நூறு மில்லி. இருநூற்றைம்பது. அடுத்து நானூறு. மதியத்துக்குள் பையை இரண்டு தடவை மாற்றினார்களாம். நான் இட்லி கேட்டேன். ஆறு இட்லி சாப்பிட்டதாக மகள் அம்மாவுக்குத் தகவல் அனுப்பினாள்.

ஆறாம் நாள் காலையில், அவளுக்குச் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். பத்து மணிவாக்கில் அவளே போன் செய்தாள். வீடியோவில் முகம் தெரிந்தது. வீக்கம் வற்றி, நான் கல்யாணம் செய்துகொண்ட முகம் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. ராத்திரியெல்லாம் படுத்து யோசித்து வைத்திருந்தேன். நீ இல்லாமல் இந்த ஆறு நாளும், என்று தொடங்கி, எங்கள் வாழ்க்கையில் இதுவரை சொல்லாத இரண்டு மூன்று நல்ல வார்த்தைகளையும் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அவள் நான் சொல்வதைக் கேட்பதுபோலத்தான் இருந்தாள். திடீரென்று முகம் மாறியது. பேச்சை நிறுத்தும்படி கையைக் காட்டினாள். வலிக்கிறதா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று பதறினேன்.

அவள் கொஞ்ச நேரம் அசையாமல், உள்ளே எதையோ கவனிப்பதுபோல் இருந்தாள். பிறகு கண் இரண்டும் நிறைய, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"போனை வைங்க. எனக்கு ஒண்ணுக்கு வருது."